இரண்டு தூதர்களும் ஒரு குடுவைக் கள்ளும்

மபியாலாவின் தோளில் நீலப் பட்டை ஏறிய நாளிலிருந்து லுகோகிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பட்டை என்றால் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே போடும் சாட்டின் துணி. அதன் மேல் மஞ்சள் நூலில் 'கிகொங்கோ மொழித் தூதர்' என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. லுகோகி தையற்காரர். மத்தாடித் துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத் தெருவில் கடை. துணியின் ரகம் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஓரம் மடித்த லட்சணமும் தெரிந்தது. கோணல். அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

"கோணலா இருந்தா என்ன, எடுப்பா இருக்குல்ல?" என்றார்கள்.

லுகோகிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்த ஊரில் கல்யாணமோ சாவோ நிலத் தகராறோ, இரண்டு குடும்பங்கள் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. ஆளுக்கொரு பேச்சாளரை அமர்த்துவார்கள். பேச்சாளர் எழுந்து கதையும் கேள்வியும் பாட்டுமாகக் குடும்பத்துக்காகப் பேசுவார். நடுநடுவே கூட்டம் கைதட்டிப் பதில் பாடும். மேட்டுத் தெருவின் பேச்சாளர் லுகோகி. மபியாலா இரண்டாம் ஆள். லுகோகிக்குக் காய்ச்சல் வந்தால்தான் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் பாதியில் பேச்சை மறந்துவிட்டு லுகோகியின் பாட்டையே பாடுவான். அதையும் சுதி தப்பிப் பாடுவான்.

அந்த மபியாலா இப்போது தூதர். கிகொங்கோ மொழி மேம்பாட்டுப் பேரவைக்குப் போய், ஊரின் தாய்மொழியான கிகொங்கோவைப் பற்றி அரசாங்க மொழியான பிரெஞ்சில் ஓர் உரை ஆற்றியிருக்கிறான். பட்டையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு கிழவர் இறந்தார். மபியாலா தாமதமாக வந்தான். கூட்டம் எழுந்தது. கை வைத்த நாற்காலி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அந்த நாற்காலியில் இதுவரை லுகோகிதான் உட்கார்ந்திருக்கிறார். மபியாலா உட்காரக்கூட இல்லை. நின்றபடி பிரெஞ்சில் பேசினான். பள்ளியில் பிரெஞ்சு படித்த இளவட்டங்கள் சிலர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர்கள் தலை குனிந்து கேட்டார்கள். விதவை முன்னைவிடப் பலமாக அழுதாள்.

"என்னய்யா பேசினான்?" என்று லுகோகி பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? ஆனா செத்தவருக்கு எவ்வளவு மரியாதை பாத்தியா!"

மபியாலாவுக்குக் குளிர்ந்த பீர் வந்தது. லுகோகிக்கு வந்ததில் நுரைகூட இல்லை.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க" என்றாள் மறுநாள் அவர் மனைவி சோனா.

"நான் கடிக்கலை."

"அப்ப மபியாலா பல்லா அது?"

"அந்தப் பட்டை கோணல்டி."

"அப்ப நேரா ஒண்ணு நீங்களே தச்சுப் போட்டுக்கோங்க. துணியா இல்லை கடையில?"

லுகோகி முந்தின வாரமே ஒன்று தைத்திருந்தார். ஓரம் நேராக இருந்தது. கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தார். வெறும் துணியாகத்தான் தெரிந்தது. தலையணைக்கு உறையாக்கிவிட்டார்.

அன்றைக்குத்தான் அவர் தங்கை மாத்தொண்டோ வந்தாள். மகள் கிமியாவுக்கு போமாவில் மாப்பிள்ளை. நாள் குறித்தாகிவிட்டது. சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"இன்னும் என்ன?"

"அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுல மபியாலாவைப் பேச்சுக்கு வெச்சிருக்காங்க."

"வெக்கட்டும். எதிர்ப்பக்கம் நான் இருக்கேன். அழ வெச்சு அனுப்பறேன்."

"அங்க பட்டையோட ஒரு ஆளு, இங்க வெறுந்தோளோட ஒரு ஆளுன்னா நல்லாவா இருக்கும்? அதான் விசாரிச்சேன். அவரே நம்ம பக்கமும் பேசறாராம். நாற்காலி மாறி மாறி உக்காருவேன்னாரு."

லுகோகியின் வாயிலிருந்த குண்டூசிகள் ஒவ்வொன்றாக மேசையில் விழுந்தன.

"நான் தாய்மாமன்டி."

"யாரு இல்லைன்னா? கேள்வி கேக்கறது நீதான். அதை யாரும் பிடுங்க முடியாது. மத்த பேச்சுக்குத்தான் அவரு."

கேள்வி என்பது இதுதான். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கள் குடுவை நடு முற்றத்தில் மூடியபடி இருக்கும். பெண்ணை அழைத்து, தாய்மாமன் எழுந்து, கிகொங்கோவில் மூன்று முறை கேட்க வேண்டும்: இந்தக் கள்ளை நாங்கள் குடிக்கலாமா? மூன்று முறையும் அவள் குடியுங்கள் என்றால்தான் குடுவை திறக்கும், கல்யாணம் முடியும். வேறு மொழியில் கேட்டால் செல்லாது. முன்னோர் காதில் விழ வேண்டும். அவர்கள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனதில்லை. அது மட்டுமல்ல. பின்னால் புருஷன் வீட்டில் எது வந்தாலும், கேள்வி கேட்டவரிடம்தான் பெண் முறையிட வேண்டும்.

"கல்யாணத்துக்குள்ள என் தோள்லயும் பட்டை இருக்கும்" என்றார் லுகோகி.

"இருந்தா நீயே பேசு. நான் எதுக்கு வெளியாளைத் தேடறேன்?" என்றாள் மாத்தொண்டோ.

கிமியா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பட்டை எதுக்கு மாமா? நீங்க சும்மா வந்து கேட்டாப் போதாதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் லுகோகி.

மொழிப் பேரவை மேட்டின் உச்சியில் இருந்தது. வாயிற்காவலர் லுகோகிக்குத் தெரிந்தவர்தான். அவருடைய சீருடையே லுகோகி தைத்தது.

"வாங்கண்ணே! வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்" என்றபடி லுகோகி வாசற்படியைத் தாண்டினார்.

"தங்கள் வருகையின் நோக்கம் யாது?" என்று காவலர் பிரெஞ்சில் கேட்டார்.

லுகோகி திடுக்கிட்டுப் படிக்கு வெளியே வந்தார்.

"என்னண்ணே ஆச்சு?" என்றார் காவலர்.

தாழ்வாரத்தில் ஒரு பலகை தொங்கியது. காவலர் வெளியிலேயே அதற்கு அர்த்தம் சொல்லி அனுப்பினார்: 'இங்கே நம் தாய்மொழி பாதுகாக்கப்படுகிறது. அருள்கூர்ந்து அதில் பேசாதீர்.'

இயக்குநர் மகெங்கோ, பிரெஞ்சு மரியாதையில் மொசியே மகெங்கோ, பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கியாலா. மகெங்கோவின் ஊர் லுகோகியின் தாய் ஊருக்கு அடுத்த ஊர். ஆனால் பதவியில் இருக்கும்போது அவருக்குக் கிகொங்கோ புரிவதில்லை என்று விதி இருந்தது. அதனால் கியாலா.

"மொசியே, மபியாலாவுக்குப் பட்டை குடுத்திருக்கீங்க. குடுங்க, உங்க இஷ்டம். ஆனா அவன் சாவு வீட்டுல கிகொங்கோ பேசினா, செத்தவன் எழுந்து உக்காந்து தப்பைத் திருத்திட்டு மறுபடி படுப்பான்."

மகெங்கோ வெடித்துச் சிரித்தார். உடனே வாயை மூடிக்கொண்டு கியாலாவைப் பார்த்தார். கியாலா மொழிபெயர்த்தார். மகெங்கோ மறுபடி சிரித்தார். இரண்டாவது சிரிப்பு சிறியது, அலுவல் சார்ந்தது.

பிறகு பிரெஞ்சில் பேசினார். கியாலா அதைக் கிகொங்கோவில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஐயா, நாங்கள் இம்மொழியை உயிரினும் மேலாகக் கருதுகிறோம். ஆகவேதான் பயன்படுத்துவதில்லை. தங்கள் இல்லத்தில் விருந்தினருக்கென ஒரு பீங்கான் தட்டு வரிசை இருக்கும். அதிலா தினமும் உண்கிறீர்கள்?"

"விருந்தாளி எப்ப வருவாங்க மொசியே?"

"வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வர இருக்கிறார். வருகைத் தேதி ஆலோசனையில் உள்ளது." மகெங்கோ கண்ணாடியைத் துடைத்தார். "பாருங்கள், இந்நாட்டில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இடம் வகுக்கப்பட்டிருக்கிறது. நாற்காலி பிரெஞ்சுக்கு. பாட்டு லிங்காலாவுக்கு. இதயம் கிகொங்கோவுக்கு. மூன்றில் உயர்ந்தது எது? இதயம்! ஆனால் இதயத்துக்கு அலுவலக நேரம் என்று ஒன்று கிடையாது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?"

"எனக்கும் ஒரு பட்டை வேணும்."

"தங்கள் கிகொங்கோவுக்குத் தகுதி என்ன?"

"பொறந்ததுலேர்ந்து பேசறேன்."

மகெங்கோ வருத்தத்துடன் தலையசைத்தார். "அது பழக்கம். பறவையும் பிறந்ததிலிருந்து கூவுகிறது. தேர்வுக்குழு முன் வந்து, நம் மொழியின் சிறப்பைப் பிரெஞ்சில் நிறுவுங்கள். பிறகு பார்ப்போம்."

லுகோகிக்குத் தெரிந்த பிரெஞ்சு தையற்கடைப் பிரெஞ்சு. நீளம், அகலம், நாளை வாருங்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் சரளமாக வரும்.

அவர் யோசித்தார். தேர்வுக்குழுவுக்குப் பிடித்த உரை ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது மபியாலாவிடம் இருந்தது. மபியாலா அதையே எல்லாச் சாவுக்கும் பேசிக்கொண்டிருந்தான்.

லுகோகி சாவுகளுக்குப் போகத் தொடங்கினார். கடையைப் பாதியில் மூடிவிட்டு ஓடினார். முன்பின் தெரியாத வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்து, மபியாலாவின் வாயையே பார்த்தபடி உதடுகளை அசைத்தார். அவர் முணுமுணுப்பதைப் பிரார்த்தனை என்று நினைத்தார்கள்.

"செத்தவர் உங்களுக்கு ரொம்ப வேண்டியவரா?" என்று ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னும் ரெண்டு தடவை கேட்டா முடிஞ்சுடும்" என்றார் லுகோகி.

சாவு இல்லாத வாரங்களில் அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறவர்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நல்லபடியாக இருக்கிறது என்றால் முகம் வாடியது.

"நீங்க பாடற பாட்டை இப்பல்லாம் காணோமே" என்றாள் சோனா. சட்டை அளவு எடுக்கும்போது அவர் எப்போதும் கிகொங்கோவில் ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். இப்போது பிரெஞ்சில் முனகிக்கொண்டிருந்தார். ஒரு வாடிக்கையாளருக்குக் கைகளே இல்லாத சட்டை போயிற்று.

தேர்வு நாளில் லுகோகி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

"நம் மொழி ஒரு பெருநதி! அதன் கரைகள் பிரெஞ்சு! கரையின்றி நதி ஏது? நம் மொழி நம் தாய்! தாயைப் பேச விடலாகாது. தாய் ஓய்வெடுக்க வேண்டும்! வாழ்க பேரவை!"

நடுவில் மபியாலா ஒவ்வொரு சாவிலும் இருமும் இடத்தில் இவரும் இருமினார். குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதே உரையை முன்பு கேட்டிருக்கிறோமே என்று யாரும் சொல்லவில்லை. மகெங்கோ எழுந்து வந்து அவரைத் தழுவினார்.

"இதுவரை நீங்கள் கிகொங்கோ பேசிக்கொண்டிருந்தீர்கள். இன்றுதான் அதை அறிந்திருக்கிறீர்கள்."

பட்டை தோளில் ஏறியது. லுகோகி முதலில் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அதே கோணல். நிம்மதியாக இருந்தது.

"விதிமுறைகள் இரண்டு" என்றார் மகெங்கோ. "பட்டை தோளில் இருக்கையில் கிகொங்கோவில் பேசலாகாது."

கியாலா மொழிபெயர்த்ததும் லுகோகி விழித்தார். "கிகொங்கோவுக்குத்தானே மொசியே தூதர்?"

"ஆம். பாரிசில் இருக்கும் நம் நாட்டுத் தூதர் எம்மொழியில் பேசுவார்? பிரெஞ்சில். தூதர் என்பவர் அயலாரிடம் பேசுபவர். கிகொங்கோவின் தூதர் கிகொங்கோவிலேயே பேசினால் அவர் எங்குமே போகவில்லை என்றாகிவிடும். இரண்டாவது, பொது இடத்தில் பட்டையைக் கழற்றினால் பதவி அந்தக் கணமே முடிந்தது. தங்கள் முதல் நிகழ்ச்சிக்கு நானே மேற்பார்வைக்கு வருவேன்."

கேள்வியை எந்த மொழியில் கேட்பது என்று லுகோகிக்கு அப்போது தோன்றவில்லை. கை வைத்த நாற்காலி தோன்றியது.

கல்யாணத்தன்று மாத்தொண்டோவின் முற்றத்தில் அப்படிப்பட்ட நாற்காலிகள் இரண்டு எதிரெதிராகப் போட்டிருந்தன. மாப்பிள்ளை பக்கம் மபியாலா. பெண் பக்கம் லுகோகி. நடுவில் கள் குடுவை. ஓரமாக, பந்தல் நிழலில் மகெங்கோவும் கியாலாவும். உள்ளே மீன் வெந்துகொண்டிருந்தது. கூட்டம் கைதட்டத் தயாராக இருந்தது.

மபியாலா எழுந்தான். "நம் மொழி ஒரு பெருநதி!" என்றான் பிரெஞ்சில். முடித்துவிட்டு உட்கார்ந்தான்.

லுகோகி எழுந்தார். "நம் மொழி ஒரு பெருநதி!" என்றார். முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

மபியாலா அவரை முறைத்தான். தன் இருமல்கூட அங்கே போயிருப்பது அவனுக்குப் புரிந்தது. மறுபடி எழுந்தான். வேறு உரை அவனிடம் இல்லை. அதையே இன்னும் உரக்கப் பேசினான். லுகோகி அவனைவிட உரக்கப் பேசினார்.

"இவங்க பெண்ணு கேக்கறாங்களா, மாட்டேங்கறாங்களா?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா கேட்டாள்.

"ரெண்டு பேரும் நதிங்கறாங்க பாட்டி" என்றான் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்.

"பாலம் கட்டப் போறாங்களா?"

"உஸ்! மரியாதையாப் பேசறாங்க, கேளு!"

நதி போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறியது. குடுவைக்குள் கள் பொங்கி, மூடியின் ஓரத்தில் நுரை கசிந்தது. உள்ளே மீன் தீய்ந்த வாசனை வந்தது. மாத்தொண்டோ பொறுக்க முடியாமல் கிமியாவை அழைத்து வந்து நடுவில் நிறுத்தினாள்.

"பேச்சு போதும். அண்ணே, கேளு!"

முற்றம் அடங்கியது. கிமியா மாமாவைப் பார்த்தாள்.

லுகோகி எழுந்தார். கேள்வி நாக்கில் இருந்தது. கிமியா கைக்குழந்தையாக இருந்தபோதே அதை எந்தத் தொனியில் கேட்பது என்று யோசித்து வைத்திருந்தவர் அவர். பட்டையைக் கழற்ற வேண்டும், கேட்க வேண்டும். அவ்வளவுதான். அவர் கை தோளுக்குப் போனது.

எதிரே மபியாலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் கண் லுகோகியின் கையிலேயே இருந்தது. இதைக் கழற்றினால் நாளைக் காலை மத்தாடியில் ஒரே ஒரு தூதர்தான் இருப்பான்.

லுகோகியின் கை இறங்கியது.

அப்போது மபியாலாவின் கை அவன் தோளுக்குப் போனது. லுகோகி மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவன் கழற்றினால் இவரும் கழற்றிவிடலாம். மபியாலா தோளைச் சொறிந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"கேளுங்க மாமா" என்றாள் கிமியா மெதுவாக. "நான் சரின்னுதான் சொல்லப் போறேன். நீங்க கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். லுகோகிக்கு நதியைத் தவிர ஒரே ஒரு பிரெஞ்சு வாக்கியம்தான் தெரியும்.

"நாளை வாருங்கள்" என்றார்.

இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டான். "என்ன சொல்றாரு? எங்களைப் போகச் சொல்றாரா?" என்று பெரியம்மா கத்தினாள். கிமியாவின் கண் நிறைந்தது. அவள் சிரிக்கவில்லை.

பந்தல் நிழலில் மொசியே மகெங்கோ உதட்டை நக்கினார். காலையிலிருந்து அவர் குடுவையைத்தான் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நுரை மண்ணில் சொட்டுவதைப் பார்த்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்தார்.

"தாயி கிமியா" என்றார் கிகொங்கோவில். "பனை ஏறினவன் இறங்கிட்டான். கள்ளு வீட்டுக்கு வந்துடுச்சு. வாசல்ல நிக்கறவங்க தாகத்தோட நிக்கறாங்க, பூமிக்குள்ள இருக்கறவங்களும் தாகத்தோடதான் காத்திருக்காங்க. நீ சொல்லும்மா. இந்தக் கள்ளை நாங்க குடிக்கலாமா?"

சொல்லிவிட்டு அடித்தொண்டையில் ஒரு பாட்டை எடுத்தார். கூட்டம் தன்னையறியாமல் கைதட்டிப் பதில் பாடியது. லுகோகியின் கைகளும் தட்டின. அப்படியொரு கிகொங்கோவை அவர் தன் வாயிலிருந்துகூடக் கேட்டதில்லை.

கியாலா பழக்கத்தில் மகெங்கோவின் காதருகே குனிந்து, மகெங்கோ கேட்டதை மகெங்கோவுக்குப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். மகெங்கோ கவனமாகக் கேட்டுத் தலையசைத்தார்.

கிமியா மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மகெங்கோவின் பக்கம் திரும்பினாள்.

"குடிங்க" என்றாள்.

தாய்மாமன் கேட்காதபோது பெரியவர் யார் கேட்டாலும் செல்லும் என்று யாரோ சொன்னார்கள். மகெங்கோ இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சொன்னாள். குடுவை திறந்தது. கிமியா முழங்காலிட்டு முதல் கோப்பையை மகெங்கோவிடம் நீட்டினாள். கேட்டவருக்குத்தான் முதல் கோப்பை.

"அந்த ஆளு இவ்வளவு நாளா இதை எங்கய்யா வெச்சிருந்தான்?" என்று மபியாலா லுகோகியின் காதில் கிகொங்கோவில் முனகினான்.

"பீங்கான் தட்டு" என்றார் லுகோகி. இருவரும் முதன்முறையாக ஒரே ஆளைப் பார்த்துப் பொருமினார்கள்.

படம் பிடித்தார்கள். இரண்டு பட்டைகளும் நன்றாக விழுந்திருந்தன.

மழைக்காலத்தில் ஒரு நாள் கிமியா தையற்கடை வழியாக மேட்டில் ஏறிப் போனாள். முகம் வீங்கியிருந்தது. லுகோகி மெஷினை நிறுத்தினார். பட்டை தோளில் இருந்ததால் வாசலைத் தாண்டித் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் கிகொங்கோவில் பேசினார்.

"எங்கம்மா போறே?"

"மறுபடியும் பேரவைக்குத்தான் மாமா. அவரு கை ஓங்கறாரு. கேட்டவர்கிட்டத்தானே சொல்லணும்?"

"என்ன சொன்னாரு மொசியே?"

"பதவியில இருக்கறப்ப கிகொங்கோ புரியாதாம். கியாலா இருந்தாலும் முறையீடுன்னா எழுத்துல, பிரெஞ்சுல வேணுமாம். போன வாரம் எழுதிக் குடுத்தாங்க. படிச்சுக் காட்டினாங்க. நம் மொழி ஒரு பெருநதின்னு ஆரம்பிக்குது மாமா. என் புருஷன் பேரே அதுல வரலை."

"யாரு எழுதினது?"

"மபியாலா சித்தப்பா. அவருக்கு அங்க வேலை குடுத்திருக்காங்க."

கிமியா நின்றாள். மாமா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். மழை தூறத் தொடங்கியது.

"நாற்காலியா, பெஞ்சா?" என்று லுகோகி கேட்டார்.

"என்ன மாமா?"

"அவனுக்கு. உக்காரறதுக்கு."

"நாற்காலிதான்" என்றாள் கிமியா. "கை வெச்சது."

தலையில் துணியைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினாள். அன்றைக்கும் லுகோகிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.